மாசச் செலவுக்குள்ள வீட்டுலயே தினமும் சூப்: மதுரையில காய் எங்க, எப்ப வாங்கலாம்?

தெப்பக்குளக்கரை கேட்டது:

வணக்கம். வேலை மாறுதல்ல புதுக்கோட்டையில இருந்து மதுரைக்கு வந்திருக்கோம். தெப்பக்குளம் பக்கம் வாடகை வீடு. நான், மனைவி, அம்மா, நாலாவது படிக்கிற மகள்னு நாலு பேர். ஒரு சம்பளம்தான்.

அம்மா காலையில தெப்பக்குளத்தைச் சுத்தி நடக்கப் போவாங்க. நடந்து முடிச்சதும் தள்ளுவண்டியில மூலிகை சூப் குடிக்கிறது பழக்கமாயிருச்சு. கப்பு 20 ரூபாய். சாயங்காலம் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பசின்னு நிப்பா. அவளுக்கும் சூப் பிடிச்சுப்போனதால பாக்கெட் சூப் வாங்கிக் கரைச்சுக் கொடுக்கிறோம். அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தா மாவும் சர்க்கரையும் உப்பும்தான் முன்னாடி நிக்குது, காய் பேர் கடைசியிலதான் வருது. ரெண்டும் சேர்ந்து மாசம் ஆயிரத்தைத் தாண்டிருது. அது போகக் காய்கறிக்கு வாரம் எழுநூறு, எண்ணூறு ஆகுது. வீட்டுக்குப் பக்கத்துக் கடையிலதான் வாங்குறோம்.

வீட்டுலயே சூப் வச்சா நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா சூப்புக்குன்னு கேரட், பீன்ஸ், காளான், வெண்ணெய்னு வாங்க ஆரம்பிச்சா செலவு இன்னும் ஏறும்போல இருக்கு. மதுரையில காய் எங்க மலிவு, எந்த நேரத்துக்குப் போகணும், சோள மாவு போடாம சூப்பைக் கெட்டியாக்குறது எப்படி? எட்டு மணிக்கெல்லாம் நான் வேலைக்குக் கிளம்பணும். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.


மெஸ் அக்கா:

தம்பி, நான் இதே மதுரையில சின்னதா ஒரு மெஸ் நடத்துறேன். காலேஜ் பிள்ளைங்களும், ஆஸ்பத்திரியில சொந்தக்காரங்களைச் சேர்த்துட்டுத் துணைக்கு இருக்கிறவங்களும்தான் சாப்பிட வருவாங்க. சாயங்காலம் வர்ற எல்லாருக்கும் ஒரு டம்ளர் சூப் உண்டு. அதுக்குக் காசு வாங்குறதில்லை. எப்படிக் கட்டுபடியாகுதுன்னு நிறையப் பேர் கேட்டிருக்காங்க. சூப்புக்குன்னு நான் தனியா எதுவுமே வாங்குறதில்லை. குழம்புக்கும் பொரியலுக்கும் வாங்கிட்டு வர்ற காயிலயும், தினமும் ஆக்குற சோத்துலயும் பருப்புலயும் இருந்துதான் சூப் வரணும். நீங்க சொன்ன கேரட், பீன்ஸ், காளான், வெண்ணெய் பட்டியலை முதல்ல மறந்துருங்க. அது ஹோட்டல் சூப்.

காய் வாங்குறதைச் சொல்றேன். உங்க வீட்டுல இருந்து அண்ணா நகர் உழவர் சந்தை பக்கம்தான். தமிழ்நாட்டுலயே முதல் உழவர் சந்தை அது. 1999 நவம்பர் 14-ம் தேதி கலைஞர் திறந்து வச்சது. விவசாயிங்க அடையாள அட்டையோட வந்து அவங்க விளைச்சலை நேரா விற்கிற இடம், நடுவுல யாவாரி கிடையாது. அங்க வாசல்ல ஒரு விலைப் பலகை இருக்கும். மொத்த மார்க்கெட் விலைக்குக் கொஞ்சம் மேல, வெளிக்கடை விலைக்குக் கீழன்னு அன்னன்னைக்கு அதிகாரிங்க வச்சு எழுதிப் போடுற விலை அது. உள்ள போறதுக்கு முன்னாடி அந்தப் பலகையை மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு தடவை நிதானமாப் படிங்க. எது இறங்கியிருக்கோ அதுதான் அந்த வாரத்துக் குழம்பு, பொரியல், சூப் எல்லாமே. என்ன சமைக்கணும்னு வீட்டுல முடிவு பண்ணிட்டுப் போனீங்கன்னா, விலை ஏறின காயையும் வாங்கித்தான் ஆகணும். பையை மட்டும் எடுத்துட்டுப் போங்க, பட்டியல் வேண்டாம்.

நேரம் உங்களுக்குத் தோதாத்தான் இருக்கு. விடிகாலையிலயே யாவாரம் ஆரம்பிச்சுரும், மதியத்துக்குள்ள முடிஞ்சுரும். கீரையும் வாழைத்தண்டும் ஆறு, ஆறரைக்குள்ள வாங்குனாத்தான் நல்லது. சுரைக்காய், பூசணி, முள்ளங்கி, தக்காளியெல்லாம் கடையைக் கட்டுற நேரத்துக்குப் போனா, திரும்பத் தூக்கிட்டுப் போகணுமேன்னு குறைச்சுக் கொடுப்பாங்க. ஞாயித்துக்கிழமை லீவுல அந்த நேரத்துக்குப் போங்க. ஆனா தம்பி, அதுக்காக விவசாயிக்கிட்ட ரெண்டு ரூபாய் மூணு ரூபாய்க்குப் பேரம் பேசாதீங்க. பலகையில போட்ட விலையே நமக்கு மலிவுதான். அவரா இறக்கிக் கொடுத்தா வாங்கிக்கங்க.

காயோட சேர்ந்து வர்ற, நிறையப் பேர் அங்கேயே ஒடிச்சுப் போட்டுட்டு வர்றதைக் கேட்டு வாங்குங்க. முள்ளங்கி இலை, பீட்ரூட் இலை, நூக்கோல் இலை, காலிஃபிளவர் தண்டு. முள்ளங்கியை இலையோட கொடுங்கன்னு சொன்னா அதுக்கு விலை கிடையாது. ஒரு கட்டு முள்ளங்கி இலை எங்க மெஸ்ஸுக்கு ஒரு வேளை சூப். கொத்தமல்லியை வேரோட வாங்குங்க. வேரை மண்ணு போக நாலு தண்ணியில அலசி, தட்டிப் போட்டா இலையை விட வாசம் அதுலதான் இருக்கு. இலை சட்னிக்கு, தண்டும் வேரும் சூப்புக்கு.

மளிகைக்குக் கீழமாசி வீதி. மிளகு, சீரகம், மல்லி, பாசிப்பருப்பு, கொள்ளு எல்லாம் மொத்தக் கடையில வாங்கி, பக்கத்து வீட்டோட பங்கு போட்டுக்கங்க. சூப்புல விலை கூடின சாமான் மிளகுதான், அதுல ஏமாறக் கூடாது. கொஞ்சத்தைத் தண்ணியில போட்டுப் பாருங்க. நல்ல முத்தின மிளகு அடியில போய் நிக்கும், பப்பாளி விதை கலந்திருந்தா மிதக்கும்.

ரேஷன் கார்டு இன்னும் புதுக்கோட்டையிலதான் இருக்கா? 2020 அக்டோபர்ல இருந்து தமிழ்நாட்டுக்குள்ள எந்தக் கடையிலயும் கைரேகை வச்சுச் சாமான் வாங்கலாம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியில என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும். பக்கத்துக் கடையில போய் விசாரிங்க, கார்டை மாத்துற வரைக்கும் விட்டுறாதீங்க.

சூப் வைக்கிற முறையைச் சாயங்கால வேலை முடிச்சுட்டு வந்து எழுதுறேன்.


கமிஷன்கடை கணக்கு:

மாட்டுத்தாவணி சென்ட்ரல் மார்க்கெட்ல கமிஷன் கடையில கணக்கு எழுதுறேன். அக்கா சொன்னதோட இதையும் சேர்த்துக்கங்க.

எங்க மார்க்கெட்டுக்கு லோடு ராத்திரியே இறங்கிரும். சில்லறைக் கடைக்காரங்க விடியுறதுக்குள்ள தூக்கிட்டுப் போயிருவாங்க. நாலு பேர் இருக்கிற வீட்டுக்குப் பெட்டியும் சிப்பமும் தேவைப்படாது. ஆனா தக்காளி இறங்கியிருக்கிற நேரம் மூணு வீடு சேர்ந்து ஒரு பெட்டி எடுத்தா, 15 கிலோ அளவுக்கு இருக்கும், சில்லறை விலையில பெரிய வித்தியாசம் தெரியும். எட்டு மணிக்கு மேல தரையில கூறு போட்டு விற்பாங்க, அதுல வீட்டுக்குத் தேவையானது கிடைக்கும்.

காய் விலை ஏறுறது இறங்குறதுக்குக் காலண்டரைப் பாருங்க. பெரிய முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வாழைக்காய், பீன்ஸ், கேரட், கத்தரிக்காய் எல்லாம் ஏறும், முகூர்த்தம் முடிஞ்ச மறுநாள் இறங்கும். கார்த்திகை, மார்கழியில மாலை போடுறவங்க ஜாஸ்தி, மழையும் சேர்ந்துக்கும், அதனால காய் கிராக்கி. முருங்கைக்காய் அந்த மழை மாசங்கள்ல தொடவே முடியாது. முருங்கைக்கீரைக் கட்டு அந்த அளவுக்கு ஏறாது. ஆயுத பூசைக்கு மறுநாள் வெள்ளைப் பூசணி, பொங்கல் முடிஞ்ச மறுநாள் மஞ்சப் பூசணி, சர்க்கரைவள்ளி, இஞ்சிக் கொத்து எல்லாம் மிஞ்சிக் கிடக்கும். பூசணியை முழுசா வாங்கிக் காம்போட வச்சா ரொம்ப நாள் தாங்கும்.

தக்காளியை நம்பி மட்டும் சூப் பழகாதீங்க. 2023 ஜூலையில கிலோ நூறைத் தாண்டுனப்ப அரசாங்கமே சென்னையில ரேஷன் கடை வழியா 60 ரூபாய்க்கு வித்தாங்க. அந்த மாதிரி மாசம் திரும்பவும் வரும்.


ரெண்டு பிள்ளை அம்மா:

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. கடை கட்டுற நேரத்துக் கூறு மலிவுன்னு எல்லாரும் சொல்றாங்க, வீட்டுக்கு வந்து பிரிச்சுப் பார்த்தா பாதி அழுகல். சொத்தையை வெட்டி எறிஞ்சது போக மிச்சத்தைக் கணக்குப் பார்த்தா காலையில நல்ல காய் வாங்குன விலையே வந்துருது. சின்னப் பிள்ளைங்களுக்கு வாடின காய்ல சூப் வச்சுக் கொடுக்க எனக்கு மனசு வரலை. விலை குறைச்சல்னு வாங்கிக் குவிச்சு, ஃபிரிட்ஜ்லயே வச்சு வீணாக்குறவங்களையும் பார்க்கிறேன்.


மெஸ் அக்கா:

நீங்க சொல்றது நியாயம்தாம்மா. எல்லாக் காயையும் கூறுல வாங்கக் கூடாது. அடிபட்டாலும் பரவாயில்லைங்கிற காய் வேற, அடிபட்டா வீட்டுக்குள்ளயே கொண்டு வரக் கூடாத காய் வேற.

தக்காளி மழையில நனைஞ்சா தோல் வெடிக்கும். அந்த வெடிப்புத் தக்காளி மறுநாள் வரைக்கும் தாங்காதுன்னு மலிவாத் தள்ளுவாங்க. அன்னைக்கே வேக வைக்கிறதா இருந்தா தாராளமா வாங்கலாம். வெடிப்புல பூசணம் பூத்திருக்கா, மோந்து பார்த்தா புளிச்ச வாடை வருதான்னு மட்டும் பாருங்க, அப்படி இருந்தா வேண்டாம். கேரட் ஒடிஞ்சிருந்தா, முள்ளங்கி கோணலா இருந்தா, சுரைக்காய்ல கீறல் இருந்தா சூப்புக்கு ஒரு குறையும் இல்லை. கீரை, காளான், பீன்ஸ் மூணையும் கூறுல தொடாதீங்க. பழுத்த கீரையில சத்தும் இல்லை, ருசியும் இல்லை. உருளைக்கிழங்கு பச்சை ஓடியிருந்தா, முளை விட்டிருந்தா எவ்வளவு மலிவாக் கொடுத்தாலும் வேண்டாம். அது உடம்புக்கு ஆகாது, வேக வச்சாலும் அந்தக் கெடுதல் போகாது.

வாங்கிக் குவிக்கிறதைப் பத்தியும் சரியாச் சொன்னீங்க. மலிவா வாங்குன அன்னைக்கு அடுப்புக்குப் போகலைன்னா அது மலிவே இல்லை. எங்க வீட்டுல கூறு வாங்கிட்டு வந்தா பை கீழ இறங்குறதுக்குள்ள தண்ணி கொதிக்க ஆரம்பிச்சிரும். தக்காளியா இருந்தா எல்லாத்தையும் வேக வச்சு, தோல் உரிச்சு, அரைச்சு டப்பாவுல போட்டு ஃபிரீசர்ல வச்சுருவேன். அது குழம்புக்கும் ஆகும், சூப்புக்கும் ஆகும்.

சூப்பர் மார்க்கெட்ல ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு போட்டிருந்தா, தேதியைப் பாருங்க, கிலோ என்ன விலை விழுதுன்னு வகுத்துப் பாருங்க. அதுக்கு மேல அதைப் பத்தி எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லை.

இப்ப சூப். தம்பி கேட்ட கெட்டிப்பட வைக்கிற சங்கதியில இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா காசு மிச்சமாகிறதே அங்கதான்.

நீங்க குக்கர்ல சோறு வைக்கிறீங்களா, வடிக்கிறீங்களா? வடிச்சா அந்தக் கஞ்சிதான் உங்க சோள மாவு. சோறு வெந்து வடிச்ச கஞ்சி சூடு ஆறினதும் கெட்டிப்படும். நாலு பேருக்கு ஒரு டம்ளர் போதும், சூப் கெட்டியா, வழவழன்னு வந்துரும். எங்க அம்மா காலத்துல அந்தக் கஞ்சியில உப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தைக் கடிச்சுக்கிட்டுக் குடிப்பாங்க. இன்னைக்கு அதைத் தொட்டியில ஊத்திட்டுக் கடையில மாவுப் பாக்கெட்டு வாங்குறோம், அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பொறுக்காது. குக்கர்ல வைக்கிறவங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒரு கைப்பிடி பாசிப்பருப்பைக் குழைய வேக வச்சுக் கடைஞ்சு ஊத்தலாம். இல்லைன்னா அரிசி மண்டியில நொய் வாங்கி வச்சு, ரெண்டு ஸ்பூன் நொய்யைக் காயோட சேர்த்தே வேக விடலாம். நொய் அரிசியை விட விலை குறைச்சல்.

அடுத்தது பொடி. மிளகு 50 கிராம், சீரகம் 50 கிராம், மல்லி 100 கிராம். தனித்தனியா, கருகாம, வாசம் வர்ற அளவுக்கு மட்டும் வறுத்து, ஆற வச்சு, கொரகொரன்னு பொடிச்சுக் கண்ணாடிப் பாட்டில்ல போட்டுருங்க. நாலு டம்ளர் சூப்புக்கு ஒண்ணு, ஒண்ணரை ஸ்பூன். பாப்பாவுக்குக் காரம் ஆகாதுன்னா அவ டம்ளரைத் தனியா எடுத்துட்டுப் பிறகு போடுங்க. இந்த ஒரு பொடி கைவசம் இருந்தா எந்தக் காய் மலிவோ அதுல சூப் வைக்கலாம்.

அம்மா குடிக்கிற முருங்கைக்கீரை சூப்பை இப்படி வைங்க. கீரைக் கட்டு வாங்குனதும் இலையை உருவிப் பொரியலுக்கு வச்சுட்டு ஈர்க்கைத் தூக்கிப் போடுறாங்க பாருங்க, அந்த ஈர்க்குதான் சூப். இளசா இருக்கிற ஈர்க்கை மட்டும் ஒரு கைப்பிடி எடுத்து, சின்ன வெங்காயம் ஆறு, பூண்டு நாலு பல்லு, அரை ஸ்பூன் சீரகத்தோட அம்மியிலயோ இடிகல்லுலயோ நல்லா நசுக்குங்க. நாலு டம்ளர் தண்ணி ஊத்தி, துளி மஞ்சப்பொடி போட்டு மூணு டம்ளராச் சுண்டுற வரைக்கும் கொதிக்கட்டும். வடிகட்டிருங்க. வடிகட்டின தண்ணியில ஒரு கைப்பிடி இலையைப் போட்டு, மூடாம மூணு நிமிஷம் கொதிக்க விடுங்க. மூடுனா பச்சை நிறம் போயிரும், வாடையும் அடைஞ்சு நிக்கும். ஒரு டம்ளர் வடிகஞ்சி, பொடி, உப்பு போட்டு ஒரு கொதி வந்ததும் இறக்கிருங்க. பொரியலும் ஆச்சு, சூப்பும் ஆச்சு, வாங்குனது ஒரே கட்டு.

மகளுக்குச் சாயங்காலம் பசிக்குதுன்னீங்க. வெறும் தண்ணிச் சூப் அவளுக்குப் போதாது, கொள்ளு வைங்க. அரை டம்ளர் கொள்ளை ராத்திரி ஊறப்போட்டு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, புதுசா அஞ்சு டம்ளர் தண்ணி ஊத்திக் குக்கர்ல தீயைக் குறைச்சு வச்சு ஆறேழு விசில். தண்ணியை வடிச்சு எடுத்துக்கங்க. வெந்த கொள்ளுல ரெண்டு கரண்டியை மட்டும் அரைச்சு அந்தத் தண்ணியிலயே கரைச்சுருங்க, கஞ்சியே தேவைப்படாது. தக்காளி ஒண்ணு, தட்டின பூண்டு, பொடி, கறிவேப்பிலை போட்டுக் கொதிக்க வைங்க. மிச்சக் கொள்ளைத் தாளிச்சுத் தேங்காய் தூவுனா சுண்டல். சூப்போட ஒரு கிண்ணம் சுண்டலையும் கொடுத்துப் பாருங்க, ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் பிஸ்கட் பாக்கெட்டைத் தேட மாட்டா.

வாழைத்தண்டு, சுரைக்காய், முள்ளங்கி இலை எல்லாம் இதே வழிதான். வாழைத்தண்டை மட்டும் நறுக்குறப்பவே நாரை விரல்ல சுத்திச் சுத்தி எடுத்து, மோர் கலந்த தண்ணியில போடுங்க, கறுக்காது. தக்காளி விலை ஏறின மாசம் புளிப்புக்கு எலுமிச்சம்பழம். இறக்கினப்புறம் பிழியணும், கொதிக்கிறப்பப் பிழிஞ்சா கசந்துரும்.

தூதுவளை, முடக்கத்தான் வேலியில சும்மாவே படர்ந்து கிடக்கும்னு சொல்வாங்க. இலை அடையாளம் நல்லாத் தெரிஞ்சாப் பறிங்க, சாக்கடை ஓரத்துல இருக்கிறதைத் தொடாதீங்க. தெரியலைன்னா கீரைக்காரம்மாகிட்டக் கேட்டா கொண்டு வந்து தருவாங்க. முடக்கத்தான் கசக்கும், முதல் தடவை அஞ்சாறு இலைக்கு மேல வேண்டாம்.


கறிக்கடை வாடிக்கை:

அக்கா சைவச் சூப்பை முழுக்கச் சொல்லிட்டாங்க. நம்ம ஊரு எலும்பு சூப்பை விட்டுற முடியுமா? ஆட்டுக்கால் இப்ப விலை கூடிப்போச்சு, அதைப் பார்த்துட்டு எலும்பு சூப்பே வேண்டாம்னு விடாதீங்க. கறிக்கடையில நெஞ்செலும்பு சூப்புக்குன்னு கேளுங்க, கறி விலையை விடக் குறைச்சுத்தான் போடுவாங்க. பிராய்லர் கடையில கழுத்தும் முதுகெலும்பும் இன்னும் மலிவு. புரட்டாசியில நிறையப் பேர் கவுச்சி சாப்பிடாததால கோழி விலை இறங்கும், அப்ப வாங்குறவங்களுக்கு லாபம்.

அரைக் கிலோ நெஞ்செலும்பை மஞ்சப்பொடி போட்டு அலசி, தட்டின சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, அக்கா சொன்ன பொடி சேர்த்துத் தண்ணியைத் தாராளமா ஊத்தி, குக்கர்ல மெல்லிசான தீயில நல்லா வேக விடுங்க. உப்பைக் கடைசியில போடுங்க. முதல் தண்ணியைச் சூப்பாக் குடிச்சிட்டு எலும்பைத் தூக்கிப் போட்டுறாதீங்க. அதே எலும்புல திரும்பத் தண்ணி ஊத்திக் கொதிக்க வச்சு, அந்தத் தண்ணியில முள்ளங்கியோ சுரைக்காயோ போட்டா மறுவேளைக்கு ஆச்சு. ஆறினதும் மேல கொழுப்பு ஆடை கட்டும், பெரியவங்களுக்குக் கொடுக்கிறதா இருந்தா அதை எடுத்துட்டுச் சூடு பண்ணுங்க.

ஒண்ணு முக்கியம், நம்ம ஊரு வெயிலுக்கு எலும்பு சூப்பை வெளியில வைக்காதீங்க. காலையில வச்சது சாயங்காலம் வேணும்னா ஆறினதும் ஃபிரிட்ஜுக்குள்ள போயிரணும், குடிக்கிறப்ப நல்லாத் தளதளன்னு கொதிக்க வைக்கணும்.


தெப்பக்குளக்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, உழவர் சந்தைக்குக் காலையில ஆறு மணிக்கே போயிட்டு வந்துட்டேன். நீங்க சொன்ன மாதிரி பலகையை முழுசாப் படிச்சேன். சுரைக்காயும் முள்ளங்கியும்தான் இறங்கி இருந்தது, முள்ளங்கியை இலையோட கேட்டேன், அந்தம்மா பக்கத்துல ஒடிச்சுப் போட்டிருந்த இலையையும் அள்ளிப் பையில போட்டுட்டாங்க. முருங்கைக்கீரை ஒரு கட்டு வாங்கினேன். ஈர்க்கு சூப்பை மனைவி வச்சாங்க, அம்மா வண்டிக்காரரை விட நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கு. அம்மாவுக்குச் சுகர் இருக்கு, பிரஷர் மாத்திரையும் போடுறாங்க. வடிகஞ்சி சேர்க்கலாமா? உப்பு எவ்வளவு போடலாம்?


மெஸ் அக்கா:

நல்லவேளை கேட்டீங்க தம்பி. எங்க மெஸ்ஸுக்கும் சுகர்காரங்க நிறைய வர்றாங்க, அவங்க டம்ளர்ல நான் கஞ்சி ஊத்துறதே இல்லை. வடிகஞ்சி முழுக்க அரிசி மாவுதானே, சுகரை ஏத்தும். நொய்யும் உருளைக்கிழங்கும் அப்படித்தான். அம்மாவுக்குப் பாசிப்பருப்புக் கடைஞ்ச தண்ணியோ, வெந்த கொள்ளை அரைச்சுக் கரைச்சதோ ஊத்துங்க. அதோட, காய்ல வைக்கிற சூப்பை அவங்களுக்கு வடிகட்டாதீங்க, சக்கையோட குடிக்கட்டும், பசி தாங்கும். முருங்கை ஈர்க்கை மட்டும் வடிகட்டித்தான் ஆகணும், அதை மெல்ல முடியாது.

உப்பு எவ்வளவுங்கிறது டாக்டர் சொல்ற கணக்கு, அதை நான் சொல்ல மாட்டேன். உப்பு குறைஞ்சா ருசி குறையாம இருக்க வழி சொல்றேன். மிளகு சீரகப் பொடியைக் கால் ஸ்பூன் கூட்டிக்கங்க, இறக்கினதும் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிங்க, கொத்தமல்லி வேரைக் கட்டாயம் போடுங்க. புளிப்பும் வாசமும் இருந்தா நாக்கு உப்பைத் தேடாது. பாக்கெட் சூப்பை அவங்களுக்குக் கொடுக்கவே வேண்டாம், அதுல இருக்கிற உப்பு நம்ம கையில இல்லை.

இதுக்காக ரெண்டு தடவை அடுப்பு வைக்க வேண்டியதில்லை. காய் வெந்து, பொடி போட்டதும் அம்மாவோட பங்கை முதல்ல தனிப் பாத்திரத்துல ஊத்தி எடுத்துருங்க. அதுல பருப்புத் தண்ணி ரெண்டு கரண்டி, எலுமிச்சை, துளி உப்பு. மிச்சம் இருக்கிற பாத்திரத்துல கஞ்சியையும் உங்களுக்குத் தேவையான உப்பையும் போட்டு ஒரு கொதி விட்டு இறக்குங்க. பருப்புத் தண்ணியைக் காலையில சாம்பாருக்குப் பருப்பு வேக வைக்கிறப்பவே ஒரு டம்ளர் எடுத்து வச்சுட்டா சாயங்காலத்துக்கும் ஆகும்.